கணக்கு உதைக்கும்போது

‘கணக்கு உதைக்கிறது’ என்பது தமிழ்நாடெங்கும் வழங்கும் தொடர்தான். ஆனால் கடல் கடந்து கொண்டுவிற்று வாழ்ந்த செட்டிநாட்டில் அதற்குக் கனம் சற்று அதிகம். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தவர்களின் உலகத்தை ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் படித்தவர்கள் அறிவார்கள். ரங்கூன் கடையொன்றில் அந்தியில் ஏட்டைக் கூட்டிப் பார்க்கிறார்கள். பெட்டியிலிருக்கும் ரொக்கத்தோடு ஓரணா உதைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழி இரண்டு. விளக்கைத் தூண்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கூட்டுவது ஒன்று. மடியிலிருந்து ஓரணாவை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் படுக்கப் போவது இன்னொன்று. இரண்டாவதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றே தோன்றும். ஆனால் அந்த ஓரணா, பதியாமல் விட்ட நூறு ரூபாய்ப் பற்றும் இருமுறை பதிந்த தொண்ணூற்றொன்பது ரூபாய் பதினைந்தணாவும் ஒன்றையொன்று தின்றது போக எஞ்சிய மிச்சமாகவும் இருக்கக்கூடும். மடிக்காசைப் போட்டவர் ஓரணாவைக் கொடுத்து அந்த நூறு ரூபாயைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பையே மூடிவிடுகிறார்.

இயங்குதளங்களின் துவக்க நிரலில் கம்பைலர் எழுப்பும் எச்சரிக்கைகளைப் பற்றி எழுத வந்து ஏட்டுக் கணக்கிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. எச்சரிக்கைகளைத் ‘தீர்ப்பது’ இன்று நம் மாணவர்கள் கட்டற்ற மென்பொருள் உலகில் நுழையும் திட்டிவாசலாக இருக்கிறது. லினக்ஸ் கெர்னலுக்கு முதல் திருத்தம் அனுப்ப விரும்பும் இளைஞரிடம் பலரும் சொல்வது, ‘கம்பைலர் காட்டும் எச்சரிக்கை ஒன்றை எடுத்துச் சரிசெய்’ என்பதே. 2000களில் ‘கெர்னல் ஜானிட்டர்ஸ்’, அதாவது துப்புரவாளர்கள், என்ற பெயரிலேயே ஒரு முயற்சி நடந்தது. பெயரிலேயே மனப்பான்மை தெரிகிறது: எச்சரிக்கை என்பது குப்பை, கூட்டித் தள்ள வேண்டியது. இந்த மனப்பான்மையோடு துவக்க நிரலுக்குள் நுழைவது ஆபத்து என்பது எங்கள் கருத்து.

கணினிப் பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். சி மொழியில் மனிதர் எழுதியதை எந்திரத்தின் கட்டளைகளாகப் பெயர்த்துத் தருவது கம்பைலர். பெயர்க்கவே முடியாத இடத்தில் அது பிழை என்று சொல்லி நின்றுவிடும். பெயர்க்க முடிகிறது, ஆனால் எழுதியவர் இதைத்தான் நினைத்தாரா என்ற ஐயம் எழுகிற இடத்தில் எச்சரிக்கை ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்லும். நல்ல மெய்ப்புத் திருத்துநர் ஓரத்தில் இடும் கேள்விக்குறி போன்றது அது. அவர் வாக்கியத்தை மாற்றிவிடுவதில்லை, கேட்கிறார்.

துவக்க நிரல் என்பது, பொத்தானை அழுத்தியதற்கும் இயங்குதளம் தன் முழு உருவில் எழுந்து நிற்பதற்கும் இடைப்பட்ட கணங்களில் ஓடுவது. வீடு கட்டும்போது எழுப்பும் சாரம் போன்றது. வீடு எழுந்ததும் பிரித்துவிடலாம். துவக்கத்துக்கு மட்டுமே தேவைப்பட்ட பகுதிகளை நினைவகத்திலிருந்து விடுவித்துவிட்டதாக லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு முறையும் ஒரு வரியில் அறிவிப்பதுண்டு. சாரம் சரிந்தால் மட்டும் வீடே இல்லை. மற்ற நிரலில் தவறு நேர்ந்தால் ஏதாவதொரு செய்தியாவது திரையில் தெரியும். இங்கே தவறு நேர்ந்தால் திரையே கறுப்பாக நிற்கும். அழுவதற்குக் கூட வாய் முளைக்காத பருவம்.

இன்டெல் வழி வந்த எந்திரங்களில் இந்தப் பருவத்துக்கு ஒரு விசித்திரமான மரபும் உண்டு. 1978இல் வந்த 8086 சில்லு எந்த நிலையில் கண்விழித்ததோ அதே பதினாறு பிட்டு நிலையில்தான் அதன் பேரப்பிள்ளைகளும் பழைய பயாஸ் வழியில் கண்விழித்துவந்தன. கெர்னலுக்கு முன்பே விழித்துக்கொள்ளும் பயாஸ், தான் கண்டறிந்தவற்றைக் குறிப்பிட்ட சில முகவரிகளில் எழுதிவைத்துவிட்டு விலகும். நினைவகத்தின் 1024ஆம் முகவரியிலிருந்து 256 பைட்டுகள் அதற்கென்று ஒதுக்கப்பட்டவை. திரையில் எத்தனை வரிகள் என்பது, ஒன்று குறைத்து, 1156ஆம் முகவரியில் இருக்கும். ஓர் எழுத்தின் உயரம் எத்தனை புள்ளிகள் என்பது 1157இல் இருக்கும். வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கும் எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில், காவலுக்கு இருப்பவர் இன்ன மாடப்பிறையில் சாவி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். சொன்ன மாடத்தில் கையைவிட்டால் சாவி கிடைக்கும். அப்படித்தான் இதுவும். இன்றைய யூஈஎஃப்ஐ கணினிகள் பெரும்பாலும் இந்தப் பாதையைச் சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன என்றாலும் கெர்னலில் பழைய பாதை அப்படியே இருக்கிறது.

இந்த 1157ஐ வைத்துக்கொண்டே மேலே பேசலாம். 2022இல் ஜிசிசி கம்பைலரின் 12ஆம் பதிப்பு வந்தபோது, லினக்ஸின் துவக்க நிரலில் எழுத்தின் உயரத்தைப் படிக்கும் வரியைப் பார்த்து அது ஓர் எச்சரிக்கை எழுப்பியது. தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி வரும்: உறுப்புகளே இல்லாத வரிசையொன்றின் முதல் உறுப்பை எடுக்கிறீர்கள், அது எல்லைக்கு வெளியே இருக்கிறது. வீடே இல்லாத தெருவில் முதல் வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள் என்று அஞ்சல்காரரைத் தடுப்பது போல. கம்பைலரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. சி மொழியின் இலக்கணப்படி வெற்றுச் சுட்டி எந்தப் பொருளையும் சுட்டாது. 1157 என்ற எண்ணை நேரடியாக முகவரியாகக் கொடுத்தால், வெற்றுச் சுட்டியிலிருந்து 1157 பைட்டுத் தள்ளி என்று அது பொருள்கொள்கிறது. சாதாரண நிரல்களில் அப்படியொரு முகவரி தோன்றினால் அது பெரும்பாலும் தவறாகவே இருக்கும். எங்கும் செல்லுபடியாகும் அந்த அனுபவம் இந்த ஓரிடத்தில் செல்லாது. இங்கே பொருள் உண்மையாகவே இருக்கிறது. அதை வைத்தவர் சி மொழிக்குள் இல்லை, அவ்வளவுதான்.

இந்த எச்சரிக்கையை எத்தனை விதமாக ஒழிக்கலாம்? அந்தக் கோப்புக்கு மட்டும் எச்சரிக்கையை அணைத்துவிடலாம், செவியைப் பொத்திக்கொள்வது. எண்ணை ஏதாவதொரு மாறிக்குள் சுற்றிக் கொடுத்துக் கம்பைலரின் கண்ணைக் கட்டலாம். இன்று கட்டினால் அடுத்த பதிப்பில் அது கட்டை அவிழ்த்துக்கொள்ளும். எங்கள் வட்டத்துக்கு வந்துபோகும் பொறியியல் மாணவர் ஒருவர் பயிற்சிக்காக எழுதிக் காட்டிய தீர்வு இவற்றையெல்லாம் விடச் சுவையானது. கம்பைலர் வரிசை இல்லை என்றுதானே சொல்கிறது என்று 256 பைட்டு வரிசை ஒன்றை அவரே அறிவித்து, 1157க்குப் பதிலாக அந்த வரிசையிலிருந்து படிக்கச் செய்திருந்தார். எச்சரிக்கை மறைந்தது, கெர்னலும் எழுந்து நின்றது. அவருக்குப் பெருமகிழ்ச்சி.

மடியிலிருந்து எடுத்துப் போட்ட ஓரணா என்பது இதுதான். அவருடைய வரிசையில் சுழியங்களைத் தவிர வேறெதுவும் இல்லை. எழுத்தின் உயரம் சுழியம் என்று படித்து, அதை வரிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, கிடைத்த சுழியத்திலிருந்து ஒன்றைக் கழித்துத் திரைக் கட்டுப்பாட்டுச் சில்லுக்குச் சொல்லும் வழி திறந்துவிட்டது. திரையைக் குறிப்பிட்ட விதத்தில் மறுகணக்கிடச் சொன்னால் மட்டுமே அந்தப் பகுதி ஓடும் என்பதால் சோதனையில் எதுவும் தெரியவில்லை. பல்லாண்டுகள் கழித்து எங்கோ ஒரு பழைய கணினியில் யாரோ ஒருவருக்குத் திரை குலையும். அப்போது எவரும் இந்தத் திருத்தத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள், ஏனென்றால் அது ‘எச்சரிக்கை நீக்கம்’ என்ற தலைப்பில் நுழைந்திருக்கும். மாணவரைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. அவர் கம்பைலரின் வாக்கியத்துக்கு விடை எழுதினார். அந்த வாக்கியம் எந்தப் பொருளைப் பற்றியது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

கெர்னலில் உண்மையாகச் செய்யப்பட்ட திருத்தம் வேறு. 2021 செப்டம்பரில் குந்தர் ரோக் ‘அப்சல்யூட் பாயிண்டர்’ என்றொரு சிறு பெயரை நிரலில் சேர்த்திருந்தார். அதற்குள் கொடுக்கும் எண்ணை, அதன் பூர்வீகத்தைக் கம்பைலர் தேட முடியாதபடி வெற்றுக் கட்டளை ஒன்றின் வழியே அது அனுப்பிவைக்கும். கீஸ் குக் 2022இல் துவக்க நிரலின் அந்த வரிகளை இப்பெயரால் போர்த்தினார். கம்பைலரின் கண்ணைக் கட்டும் வேலைதான் இதுவும் என்று ஒருவர் வாதிடலாம். பொறிமுறையைப் பார்த்தால் அது சரிதான். வேறுபாடு பெயரில் இருக்கிறது. அடுத்து வந்து படிக்கிறவர் அந்தச் சொல்லைக் கண்டதும், இங்கே இருப்பது தவறி வந்த எண் இல்லை, உண்மையான இடத்தின் உண்மையான முகவரி என்று அறிந்துகொள்கிறார். ஏட்டில் ஓரணாவுக்கு நேராக, இது இன்னாரிடம் இன்ன வகையில் நிற்கிறது என்று பற்று எழுதுவதற்கு இணையானது அது.

துவக்க நிரலுக்கு வெளியே நடந்ததென்றாலும், ஓரணாவின் உண்மையான விலையைக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2006இல் டெபியன் வழங்கலில், ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்க நூலகத்தைச் சோதித்த வால்கிரைண்ட் என்ற கருவி, துவக்க மதிப்பில்லாத நினைவகத்தைப் பயன்படுத்துவதாக எச்சரித்தது. எச்சரிக்கைக்குக் காரணமான வரிகள் நீக்கப்பட்டன. கருவி அமைதியானது. நீக்கப்பட்ட வரிகளில் ஒன்றுதான் தற்செயல் எண்களுக்கான கலவையில் உண்மையான தற்செயலைக் கலந்துகொண்டிருந்தது. மிஞ்சியது நிரலின் செயல் எண் மட்டுமே. ஆகவே உருவாகக்கூடிய சாவிகள் ஒவ்வொரு வகைக்கும் 32,768 என்று சுருங்கின. அத்தனையையும் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு எவரும் பூட்டைத் திறந்துவிடலாம். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்கும் வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உலகெங்கும் சேவையகங்கள் இந்தப் பொம்மைச் சாவிகளோடு ஓடின. வரிகளை நீக்கியவர் ரகசியமாகச் செய்யவில்லை, கேட்டுவிட்டே செய்தார். பதில் சொன்னவர்களும் அந்த வரி என்ன செய்கிறது என்று நின்று பார்க்கவில்லை.

இவ்வளவும் சொன்னதால் கம்பைலரை நாங்கள் தெய்வமாக்குகிறோம் என்று எண்ண வேண்டாம். 2009இல் லினக்ஸின் டன் இயக்கியில் கண்ட ஓட்டை இதற்கு நேரெதிர்க் கதை. அங்கே நிரலர் ஒரு சுட்டியை முதலில் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரியில்தான் அது வெற்றா என்று சோதித்திருந்தார். ஜிசிசி யோசித்தது: ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார்கள் என்றால் அது வெற்றாக இருக்க முடியாது, ஆகவே இந்தச் சோதனை வீண். சோதனையையே சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. சுழிய முகவரியில் தன் சரக்கை வைத்துவிட்டு உள்ளே நுழைய அது வழியாயிற்று. அதன் பிறகு கெர்னலைத் தொகுக்கும்போது, வெற்றுச் சுட்டிச் சோதனைகளைக் களையாதே என்று கம்பைலருக்குத் தனியே சொல்லிவைக்கும் வழக்கம் வந்தது. 1157ஐச் சந்தேகித்ததும் இந்தச் சோதனையை அகற்றியதும் ஒரே நம்பிக்கையின் இரு முகங்கள்: சுழியத்திலும் அதன் அக்கம்பக்கத்திலும் யாரும் குடியிருப்பதில்லை. கெர்னல் என்பது அங்கே குடியிருப்பவர்களை அறிந்த நிரல்.

ஆதலால் ‘எல்லா எச்சரிக்கையையும் பிழையாகவே கொள்க’ என்ற கட்சியிலும் எங்களால் முழுமனதோடு சேர முடியவில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 செப்டம்பரில் 5.15ஆம் பதிப்புக்கான பணியின்போது அதைக் கெர்னலின் இயல்பு விதியாக்கினார். பலருடைய கட்டமைப்புகள் உடைந்தன. சில நாட்களிலேயே அதைச் சோதனைத் தொகுப்புகளுக்கான இயல்பாகத் தளர்த்தினார். மறு ஆண்டு, நாம் மேலே பார்த்த அதே எல்லைமீறல் எச்சரிக்கையை ஜிசிசி 12க்கு மொத்தமாகவே அணைத்துவைத்தார். பொய்யான அலறல் அளவுக்கு மீறினால் மெய்யான அலறல் காதில் விழாது என்ற நியாயம் அதற்கு உண்டு. அணைத்ததை நாங்கள் ஏற்கிறோம். ஏனென்றால் அது யாருடைய வரியையும் திருத்தவில்லை, எதையும் சரியாகிவிட்டது என்று காட்டவில்லை. அணைத்திருக்கிறோம் என்பது எல்லோரும் படிக்கும் இடத்தில் காரணத்தோடு இருக்கிறது. ஏட்டில் ‘உதைக்கிறது, பார்க்க வேண்டும்’ என்று எழுதிவைப்பது பொய்க்கணக்கு ஆகாது.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த வழக்கு புதிதாக இருக்க முடியாது. சுவடியில் பொருள் விளங்காத சொல் ஒன்று வந்தால் உ.வே.சா. அதை அப்படியே வைத்து, பிரதிபேதங்களை அடியில் காட்டினார். ரசிகமணி டி.கே.சி. தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பனுடையவை அல்ல என்று ஒதுக்கினார், சில இடங்களில் சொற்களையும் மாற்றி அமைத்தார். சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய காரைக்குடியில் இருந்துகொண்டு ரசிகமணியைக் குறைசொல்வது எளிதன்று. அவர் வாயால் கம்பனைக் கேட்டவர்களின் பரவசம் பொய்யுமன்று. ஆனால் அவர் திருத்திய பாடலை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு, எந்த இடத்தில் பிரதி உதைத்தது என்பது என்றைக்கும் தெரியப்போவதில்லை. அடிக்குறிப்பு ரசனைக்கு இடையூறுதான். துவக்க நிரலில் எங்களுக்கு ரசிகமணிகள் வேண்டாம்.

இனி நம் ஊர்ப் பாடு. கல்லூரி ஆய்வகங்களை நெடுங்காலம் ஆண்டது டாஸ் காலத்து டர்போ சி. நிரலைத் தொகுத்ததும் ஒரு பெட்டியில் எச்சரிக்கைகள் இத்தனை, பிழைகள் இத்தனை என்று காட்டி, பிழை சுழியமென்றால் கீழே ‘வெற்றி, ஏதாவதொரு விசையை அழுத்துக’ என்று மினுக்கும். எச்சரிக்கை ஏழு, பிழை சுழியம், வெற்றி. மதிப்பெண்ணும் அதற்கே. எச்சரிக்கையைப் படிக்காமல் விசையை அழுத்தும் கை ஒரு தலைமுறைக்கே பழகிப்போயிற்று. ஒன்றை மட்டும் டர்போ சிக்குக் கடன்பட்டிருக்கிறோம். திரையின் நினைவகம் எந்த முகவரியில் தொடங்குகிறது என்று தெரிந்து, அங்கே நேரடியாக எழுத்துகளை எழுதிப் பார்த்தவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். சுழிய முகவரியில் தவறி எழுதிவிட்டால் நிரல் முடியும்போது ‘வெற்றுச் சுட்டியில் எழுதினாய்’ என்று அது முணுமுணுப்பதும் அவர்களுக்குத் தெரியும். முகவரி என்பது இடம் என்ற உணர்வு அவர்களுக்கு இருந்தது, எச்சரிக்கையைப் படிக்கும் பழக்கம் இல்லை. இன்றைய மாணவர்களிடம் நல்ல கருவிகள் இருக்கின்றன, எச்சரிக்கையை அஞ்சுகிறார்கள், அதை ஒழித்துப் பாராட்டுப் பெறவும் துடிக்கிறார்கள். முகவரிதான் அவர்களுக்கு வெறும் எண்ணாகிவிட்டது.

வாய்ப்பில்லாமலும் இல்லை. 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் அருகருகே நிறுவப்பட்டு வந்தன. கிராமத்துப் பிள்ளைகள் வீட்டிலேயே, எதை எழுப்புவது என்று கேட்கும் துவக்கப் பட்டியலை நாள்தோறும் பார்த்தார்கள். அந்தப் பட்டியலுக்குப் பின்னே என்ன நடக்கிறது என்று பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பெரும்பாலோர் விண்டோஸைத் தேர்ந்து கடந்துபோனார்கள்.

எங்கள் வேண்டுகோள் சிறியது. கெர்னல் திருத்தத்தைப் பயிற்சியாகக் கொடுக்கும் ஆசிரியர்கள், எச்சரிக்கை போயிற்றா என்று பார்ப்பதற்கு முன், திருத்தத்தோடு வரும் விளக்கக் குறிப்பைப் படிக்க வேண்டும். இந்த முகவரியில் என்ன இருக்கிறது, யார் வைத்தார், எப்போது வைத்தார், கம்பைலர் ஏன் ஐயுற்றது என்ற நான்குக்கும் அதில் விடை இல்லையென்றால் நிரலைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம். விடை தெரியவில்லை, எச்சரிக்கையை அப்படியே விட்டிருக்கிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தால் அவருக்கு மடிக்காசு போட்டவரைவிட அதிக மதிப்பெண் தரலாம்.

இதை இப்போது வற்புறுத்துவதற்கு ஒரு காரணம், சென்னை ஐஐடியின் சக்தி செயலி. ரிஸ்க்-ஃபைவ் வழியில் அங்கே வடிவமைத்த சில்லு 2018இல் முதலில் அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் உருப்பெற்று லினக்ஸை எழுப்பியது. அதே ஆண்டில் சண்டிகர் எஸ்சிஎல் ஆலையில் 180 நானோமீட்டரில் இன்னொன்று வந்தது. அதன் வடிவமைப்பு எவரும் எடுத்துப் படிக்கத் திறந்துவைக்கப்பட்டது. அங்கே ஐபிஎம் காலத்துப் பயாஸ் இல்லை, 1157ஆம் முகவரியில் எழுத்தின் உயரமும் இல்லை. வேறு முகவரிகள், வேறு மாடங்கள். அவற்றிலும் கம்பைலர் ஐயுறும். 1157இல் ஏன் அதை வைத்தார்கள் என்று கேட்பதற்குப் பழைய ஐபிஎம் கையேடுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. சக்தியின் மாடத்தில் சாவியை வைத்தவர்களிடம் கேட்க வேண்டுமென்றால், காரைக்குடியில் இரவு ரயில் ஏறினால் போதும்.